நான் கூட்டிய தீவு

“மியூசியத்திலை எங்கட ஆக்களுக்கு இருக்கிற வேலை ஒண்டுதான், பிள்ளை. கூட்டிறது.”

இதைச் சொன்னவர் அன்ரன் அண்ணை. என் தம்பி தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய விருந்தில், டோர்ட்மண்டில் ஒரு பங்கு மண்டபத்தில், கையில் ரோல்ஸ் தட்டோடு நின்று சொன்னார். அந்த வாரம்தான் ஒரு இயற்கை வரலாற்று மியூசியத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. நானே அதை மேசை மேசையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணை அப்பாவின் கூட்டாளி. மன்னாரில் இருவரும் ஒரே துறையிலிருந்து கடலுக்குப் போனவர்கள். இங்கே ஜெர்மனிக்கு வந்து அண்ணை ரயில் பெட்டிகள் துடைக்கிற வேலைக்குப் போனார், இன்னும் போகிறார். அவர் குத்திச் சொல்லவில்லை. தான் பார்த்த உலகத்தைச் சொன்னார்.

“அண்ணை, நான் ஆய்வுகூடத்திலை,” என்றேன்.

“ஓம் ஓம். அங்கையும் தரை இருக்கும்தானே,” என்றார்.

பத்து வருடம் கழித்து, போன மாதம், அந்த வேலையிலிருந்து விலகினேன். எனக்கு முப்பத்தொரு வயது. நான் உதவிக்குப் போகிற சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் இதை ‘அக்காவின் ஓய்வு’ என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். பள்ளி மலருக்கு ஓய்வுபெற்றவர் ஒருவரின் அனுபவம் வேண்டுமாம், மற்றவர்கள் எல்லோரும் இன்னும் வேலை செய்கிறார்களாம், அதனால் நான்தான் எழுத வேண்டுமாம். சரி. எழுதுகிறேன். அன்ரன் அண்ணை சொன்னது நடந்ததா என்று அவர்கள் முதலில் கேட்டார்கள். நடந்தது. நான் கூட்டினேன். ஒரு கிரேக்கத் தீவைக் கூட்டினேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். இதை நான் மெல்லிய குரலில் சொல்கிற வழக்கமில்லை. அம்மா மூன்றாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவர். அப்பா கையெழுத்துப் போடப் பழகியது அகதி விண்ணப்பத்துக்காக. நான் ரெயால்ஷூலே என்ற நடுத்தரப் பள்ளியை முடித்து, உயிரியல் ஆய்வுகூட உதவியாளருக்கான தொழிற்பயிற்சி, அவுஸ்பில்டுங், செய்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிறையக் கண்ணாடி கழுவினேன், கொஞ்சம் உடைத்தேன், சோதனையில் நல்ல புள்ளி எடுத்தேன். லீவு நாட்களில் அம்மாவோடு ஒரு அலுவலகக் கட்டடத்தைச் சுத்தம் செய்யப் போனேன். இரண்டாவதுதான் பின்னாளில் பயன்பட்டது.

மியூசியத்தில் என் மேலாளர் பிராவ் லோமான், அதாவது திருமதி லோமான். உயரமான பெண், எப்போதும் ஒரு மடக்கு முக்காலியோடு திரிவார், அதில்தான் அமர்வார். எங்கே போனாலும் இரு முனையும் சீவிய பென்சில். பேனா அவருடைய அறைக்குள் வரக் கூடாது. மை மழையில் போய்விடும், பென்சில் எழுத்து போகாது, ஆகவே நிலைக்க வேண்டியதைப் பென்சிலால் எழுத வேண்டும் என்பது அவர் கட்டளை. யாரையும் நீ என்று அழைத்து நான் கேட்டதில்லை. தீவில் ஆடு ஒன்று என் குறிப்புப் புத்தகத்தின் ஓரத்தைத் தின்றபோது அந்த ஆட்டிடம், “நீங்கள் அதை விடுங்கள்,” என்றார். சூசைப்பிள்ளை என்ற என் குடும்பப் பெயரை மற்றவர்கள் பாதியில் கைவிட்டபோது, அவர் ஒரு அட்டையில் அசை பிரித்து எழுதி மேசையில் வைத்துப் பழகினார். மூன்றாம் நாள் சரியாகச் சொன்னார். அதற்காக அவருக்கு நான் நிறைய மன்னித்திருக்கிறேன்.

பாராட்டு அவரிடம் கிடையாது. மிக நன்றாகச் செய்தால், “அப்படியும் செய்யலாம்,” என்பார். எதைக் கொண்டுபோனாலும் மூன்று கேள்வி. எங்கே? எப்போது? யார் பார்த்தது? மூன்றுக்கும் பதில் இல்லாத எலும்பு அவருக்கு எலும்பே இல்லை, வெறும் கல்சியம்.

இனித் தீவு. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் யாராவது படகு பிடித்துப் போய்ப் படம் எடுப்பீர்கள், பறவைகள் முட்டையை விட்டு எழும்பிவிடும். ஏகியன் கடலில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேர நடை. மரமே இல்லை. முழங்கால் உயரத்துக்கு முள்ளும் மணக்கிற செடிகளும். செப்டெம்பரில், எல்லாம் காய்ந்து கருகிய பிறகு, வெங்காயம் போன்ற ஒரு கிழங்கிலிருந்து இலையே இல்லாமல் ஆளின் நெஞ்சு உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பூந்தண்டு எழும்பும். அந்த மாதத்தில்தான் அங்கே ஒரு வகை வல்லூறு குஞ்சு வளர்க்கும். மற்றப் பறவைகள் வசந்தத்தில் பொரிக்க, இது மட்டும் தெற்கே வலசை போகிற சிறு பறவைகளுக்காகக் காத்திருந்து இலையுதிர் காலத்தில் பொரிக்கும். சாப்பாடு வாசலுக்கு வருகிற நேரம் பார்த்துப் பிள்ளை பெறுகிற புத்திசாலி.

ஆள் இல்லாத தீவு என்றாலும் ஆள் படாத தீவு இல்லை. பழங்காலத்துக் காவல் கோபுரம் ஒன்றின் அடிக்கல் வரிசை இருக்கிறது. மலையைத் தோண்டிய மழைநீர்த் தொட்டி இருக்கிறது. பக்கத்துத் தீவுக்காரர் வந்து வாற்கோதுமை விதைத்த படிக்கட்டு வயல்கள் இருக்கின்றன, இடிந்துபோய். கோபுரத்தின் மேல் கற்கள் எங்கே என்று பிராவ் லோமான் இரண்டு வருடம் தேடினார். கடற்கரையில் ஒரு சுண்ணாம்புச் சூளை இருக்கிறது. பளிங்குக் கல்லைச் சுட்டால் சுண்ணாம்பு. கோபுரத்தை யாரோ சுட்டு வெள்ளையடித்துவிட்டார்கள். அதைப் புரிந்துகொண்ட அன்று அவர் மதியம் சாப்பிடவில்லை.

வெள்ளையடித்தது தீவின் ஒரே முழுக் கட்டடத்துக்கு. புனித மரினாவின் சிற்றாலயம். பத்துப் பேர் நின்றால் நிறையும். பின்பக்கம் ஒரு பாறையோடு ஒட்டியபடி இருக்கும். வருடத்தில் ஒரு நாள், யூலையில், பக்கத்துத் தீவிலிருந்து சனம் படகில் வந்து பெருநாள் கொண்டாடிவிட்டுப் போகும். மற்ற நாட்களில் உடைந்த சாளரம் வழியாக உள்ளே போய்வருகிற ஒரு கூகைதான் அங்கே பங்கு மக்கள்.

எங்கள் ஆய்வு ஒரு கேள்வியைச் சுற்றியது. தீவில் ஒரு கடற்பறவை மண் பொந்துக்குள் முட்டை இடும். வருடத்துக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை எலி தின்றுகொண்டிருந்தது. எலியை அகற்ற அனுமதி வேண்டும் என்றால், அது எப்போது வந்தது என்று காட்ட வேண்டும். எலி ஆதிகாலத்திலிருந்து இருக்கிறது என்றால் அதிகாரிகள், அப்படியானால் பறவை சமாளித்துக்கொள்ளும் என்று கோப்பை மூடிவிடுவார்கள். அண்மையில் வந்தது என்றால் அனுமதி தரலாம். பொந்துகளில் பாதிக்கு மேல் ஏற்கெனவே வெறுமை. நேரம் அதிகம் இருக்கவில்லை. திட்டம் நீடித்தால்தான் என் வேலையும் நீடிக்கும் என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

நான் தீவுக்குப் போன மூன்றாவது மே மாதம். நாளைக்குப் படகு வரும் என்ற நிலையில் எனக்கு மதியம் வேலை இல்லை. சிற்றாலயத்துக்குள் போனேன். தரை முழுக்கத் தூசு, இறகு, பழைய மெழுகுதிரித் துண்டு, ஆட்டுப் புழுக்கை. மூலையில், கூகை இருக்கிற விளிம்புக்குக் கீழே, முழங்கால் உயரத்துக்கு ஒரு சாம்பல் நிறக் குவியல். புனித மரினா சுவரிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? ஒரு கோயில் அப்படிக் கிடக்க, கைகட்டி நிற்க எங்கள் வீட்டில் யாரையும் வளர்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் கூட்டுகிற தும்புத்தடி ஒன்றும் இருந்தது. உள் மூலையில் தொடங்கி வாசலில் முடித்தேன், அலுவலகத்தில் செய்கிற அதே ஒழுங்கில். இரண்டு உரப்பை நிறைந்தது. விளக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். முன்னும் பின்னுமாக இரண்டு படம் எடுத்து, பக்கத்துத் தீவில் தொலைபேசி வேலை செய்த இடத்திலிருந்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா அதைப் பங்கின் தொலைபேசிக் குழுவுக்கு அனுப்பினார். “நான் சொன்னன் எல்லோ,” என்று அன்ரன் அண்ணை எழுதி, கீழே ஒரு தும்புத்தடிப் படமும் போட்டிருந்தார்.

யூன் மாதத்தில் மியூசியத்தில் ஒரு கூட்டம். பிராவ் லோமான் எழுந்து நின்றார், முக்காலியில் இருந்து. அடுத்த அன்ராக், அதாவது அந்த அனுமதிக்கான விண்ணப்பம், டிசெம்பருக்குள் போக வேண்டும் என்றார். அதன் முதுகெலும்பு சிற்றாலயத்துக் குவியல் என்றார். கூகை தான் விழுங்கியதில் செரிக்காத எலும்பையும் உரோமத்தையும் உருண்டையாகக் கக்கும். அந்த உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கின்றன, அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. எந்த மட்டத்தில் முதல் எலி எலும்பு வருகிறதோ அதுவே எலி வந்த காலம். குவியலின் உயரத்தைப் பார்த்தால் நாற்பது வருடமாவது இருக்கும். இவ்வளவு நாளும் கூகையைக் குழப்பக் கூடாது என்று தொடாமல் விட்டோம், செப்டெம்பரில் அடுக்கு அடுக்காக எடுக்கலாம். இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு படத்தைத் திரையில் போட்டார். நான் அனுப்பிய ‘முன்’ படத்தைவிடத் தெளிவான படம்.

மேசைக்குக் கீழே என் தொலைபேசியில் ‘பின்’ படத்தைத் திறந்து பார்த்தேன்.

இரண்டு கிழமை நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை மலரில் எழுத வேண்டாம் என்று அம்மா சொன்னார், ஆனால் எழுதாவிட்டால் மிச்சம் பொய். கூகை மீண்டும் கக்கும் என்று என்னைத் தேற்றினேன். செப்டெம்பரில் போய், ஐயோ யாரோ கூட்டிவிட்டார்களே என்று மற்றவர்களோடு சேர்ந்து திகைக்கலாம் என்றும் யோசித்தேன். யாரும் என்னைச் சந்தேகிக்கமாட்டார்கள், பங்குக் குழுவின் நூற்றுச் சொச்சம் பேரைத் தவிர. ஆனால் ஒவ்வொரு நாளும் பிராவ் லோமான் அந்த அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருப்பது கண்ணாடிக் கதவுக்குள் தெரிந்தது. இல்லாத ஒன்றைப் பற்றி, எவ்வளவு ஒழுங்காக.

ஒரு வியாழக்கிழமை கதவைத் தட்டினேன்.

“சிற்றாலயத்துக் குவியல் அங்கே இல்லை, பிராவ் லோமான்.”

அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. “யார் பார்த்தது?”

“நான்.”

“எப்போது?”

“மே மாதம். படகு வருவதற்கு முதல் நாள்.”

“எங்கே போனது?”

“நான் கூட்டிவிட்டேன்.”

அவர் பென்சிலை மேசையில் வைத்தார். வேலை நேரத்தில் அவர் கையில் பென்சில் இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஏன் என்று கேட்டார். அது கோயில் என்றேன். அது மாதிரி என்றார், ஆய்வுக்கான மாதிரி. நான் சொன்னதும் சரி, அவர் சொன்னதும் சரி, அதுதான் பிரச்சினை.

பிறகு கேட்டார், “எங்கே கொட்டினீர்கள்? துல்லியமாக.”

“பின்சுவருக்கும் பாறைக்கும் இடையில் ஒரு இடுக்கு இருக்கிறது. அதற்குள்.”

“அருகிலேயே சரிவு இருக்கிறதே. ஏன் அங்கே?”

“கோயில் குப்பையைக் கால் படுகிற இடத்தில் கொட்டக் கூடாது,” என்றேன். மெழுகுதிரித் துண்டும் அதற்குள் இருக்கிறது, அது எரிந்தது ஒருவருடைய வேண்டுதலுக்காக, அதை மிதிக்கக் கூடாது. எங்கள் ஊரில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை, எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அவ்வளவையும் ஜெர்மன் மொழியில் சொல்லி முடித்தபோது எனக்கே அது விசித்திரமாகக் கேட்டது.

அவர் எழுதிக்கொண்டார். கடைசிச் சொல் வரை. பிறகு, நீங்கள் இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்.

யூ-பான் ரயிலில் அழுதுகொண்டே போனேன். பத்து வருடப் படிப்பும் ஒரு தும்புத்தடியில் போயிற்று என்று நினைத்தேன். வீட்டில் அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, “கூட்டினதுக்கோ வேலையாலை நிப்பாட்டுவினம்? இஞ்சை கூட்டாட்டித்தான் நிப்பாட்டுறவை,” என்றார். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் காலை என் மேசையில் ஒரு சிறு தாள், பென்சிலால் எழுதியது: செப்டெம்பர் பயணம். நீங்களும் வருகிறீர்கள். தும்புத்தடி தேவையில்லை.

அவருடைய அறையில் விண்ணப்பத்தின் அந்த அத்தியாயம் அடிமட்டம் வைத்து மூலைக்கு மூலை கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கோடு மிக நேராக இருந்தது, அது இன்னும் சுட்டது.

செப்டெம்பரில் எங்களைத் தீவுக்கு ஏற்றிப்போனவர் எப்போதும் போல லெஃப்தெரிஸ். எழுபது வயதுப் படகுக்காரர். ஸ்டுட்கார்ட்டில் கார்த் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அவர் பேசுகிற ஜெர்மன் அந்த ஊர்க் கொச்சை. பிராவ் லோமானுக்கே பாதிதான் விளங்கும்.

இடுக்குக்குள் நான் முதலில் இறங்கினேன், கையில் ஒரு சிறு கரண்டி. மேலே என்னுடைய குப்பை, அடையாளத்துக்கு நான் தின்ற பிஸ்கட்டின் தாளும் இருந்தது. அதை ஒதுக்கி எடுக்கிறேன், கரண்டி டக்கென்று எதிலோ பட்டது. வெள்ளையாக ஒரு தகடு. சுண்ணாம்பு. அதன் ஓரத்தை உடைத்தால் கீழே சாம்பல் நிறத்தில் மறுபடி குப்பை, எலும்பு, இறகு, மெழுகுதிரித் துண்டு. அதற்குக் கீழே மறுபடி வெள்ளை. மறுபடி சாம்பல். மறுபடி வெள்ளை.

“பிராவ் லோமான்,” என்றேன்.

அவர் முக்காலியைக் கீழே வைத்துவிட்டு அதில் அமரவில்லை. மண்ணில் முழங்கால் போட்டார்.

லெஃப்தெரிஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எங்கள் பெண்களின் குப்பையில் உங்களுக்கு என்ன அலுவல் என்று கேட்டார். பிறகு விளக்கினார். ஒவ்வொரு வருடமும் பெருநாளுக்கு முதல் நாள் பெண்கள் வந்து கோயிலைக் கூட்டுவார்கள், ஒவ்வொரு வருடம் ஒவ்வொரு வீட்டின் முறை. பிறகு ஆண்கள் வெள்ளையடிப்பார்கள். குப்பை இந்த இடுக்குக்குள் போகும், வாளியில் மிஞ்சின சுண்ணாம்பை அதன்மேல் ஊற்றிவிடுவார்கள். வேறு எங்கேயும் கொட்டக் கூடாது, மிதிபடும். இதிலே புதினம் என்ன, ஸ்டுட்கார்ட்டில் மாடிப்படிக்குக் கேர்வொஹ இல்லையா, வாரம் ஒரு வீடு கூட்டுகிற முறை, அதுதான் இது என்றார்.

பிராவ் லோமான் மெதுவாக எழுந்தார். “அப்படியானால் மே மாதத்தில் உள்ளே இருந்த குவியல்?”

“போன வருடம் யூலையில் கூட்டினோமே. இந்த யூலையில் வந்தால் கோயில் சுத்தமாக இருந்தது, கூட்டவும் இல்லை, வெள்ளையடிக்கவும் இல்லை.”

“நான் நாற்பது வருடம் என்று எழுதியிருந்தேன்.”

“பத்து மாதம்,” என்றார் லெஃப்தெரிஸ். “கூகைக்கு நல்ல பசி.”

பிராவ் லோமான் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். வல்லூறு ஒன்று பறந்துகொண்டிருந்தது, அதை மிகக் கவனமாகப் பார்த்தேன். கடைசியில் அவரே சொன்னார், இந்த இடத்தைத் தான் பதினொரு தடவை கடந்து போயிருப்பதாகவும் ஒரு தடவைகூட உள்ளே பார்க்கவில்லை என்றும். பார்க்க என்ன இருக்கிறது, குப்பைதானே என்று நினைத்தாராம்.

பக்கத்துத் தீவின் குருவிடமும் உரிய அலுவலகத்திடமும் அனுமதிக் கடிதம் வாங்கிய பிறகு அடுக்குகளை எடுத்தோம். அந்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாழ்க்கையில் நான் இவ்வளவு சுத்தமாக எதையும் செய்ததில்லை. முதலில் குவியலின் முகத்தைக் கேக் வெட்டுவது போல நேராக வெட்டினோம். வெள்ளைக் கோடுகளை மேலிருந்து எண்ணினோம், நான் ஒரு தடவை, அவர் ஒரு தடவை, பிறகு இருவரும் இடம் மாறி. முப்பத்தேழு. ஒவ்வொரு அடுக்கும் தனிப்பையில். பைக்குள் ஒரு சீட்டு, பைக்கு வெளியே ஒரு சீட்டு, இரண்டும் பென்சிலால். லெஃப்தெரிஸ் மேலே பாறையில் இருந்து சாட்சி சொன்னார். ஒரு கோடு விரல் மொத்தம் இருந்தது. அது ஆயர் வந்த வருடம், இரண்டு தரம் அடித்தோம் என்றார். ஒரு இடத்தில் சாம்பல் அடுக்கு இரட்டிப்பாக, நடுவில் கோடு இல்லாமல் இருந்தது. அந்த யூலையில் காற்று, படகு விடவில்லை, பெருநாளே நடக்கவில்லை என்றார். இரண்டு நினைவும் குரு காட்டிய தேவாலயப் பதிவுக் கொப்பியோடு சரியாகப் பொருந்தின. பிராவ் லோமான் அவருடைய பெயரை ‘யார் பார்த்தது’ என்ற நிரலில் முழுமையாக எழுதினார்.

அந்த இலையுதிர் காலம் முழுக்க மியூசியத்தின் நிலக்கீழ் அறையில் இருந்தேன். ஒவ்வொரு பையையும் தண்ணீரில் ஊறவிட்டு, அரிதட்டில் அரித்து, சாவணத்தால் தாடை எலும்புகளை மட்டும் பொறுக்கி அடுக்கினேன். கீழ் அடுக்குகளில் சிறு பறவை, பல்லி, சுண்டெலி. மேலிருந்து பதினோராவது அடுக்கில் முதல் பெரிய எலித் தாடை. அதற்குப் பிறகு எல்லா அடுக்கிலும்.

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். பிராவ் லோமான் தட்டைப் பார்த்துவிட்டு, போதாது என்றார். கூகைக்குச் சிறகு இருக்கிறது. பக்கத்துத் தீவில் பிடித்த எலியை இங்கே வந்து கக்கியிருக்கலாம் என்று அதிகாரி ஒருவர் கேட்டால் என்ன சொல்வோம்? எனக்குக் கோபம் வந்தது. கேள்வி சரியாக இருந்ததால் இன்னும் கூட வந்தது.

திரும்பிக் கீழே போய், எறிய வைத்திருந்த மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெழுகுதிரித் துண்டுகள். எலும்பு ஆய்வில் அவற்றுக்கு இடமில்லை, தனிக் கிண்ணத்தில் போட்டிருந்தேன், எறிய மனமில்லாமல். பாறை நிழலில் வெயில் படாமல் கிடந்ததால் உருகாமல் இருந்தன. ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்தில் இரண்டு பல் கொத்தியது போல வரிசையாகக் கீறல். அடுத்ததிலும். எலிக்கு மெழுகு பிடிக்கும், வீட்டில் மெழுகுதிரி வைத்தவர்களுக்குத் தெரியும்.

முப்பத்தேழு அடுக்கின் துண்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்தேன். மேலே பதினொரு அடுக்கிலும் பெரிய பல் பட்ட துண்டுகள். அதற்குக் கீழே சுண்டெலி நகத்தால் சுரண்டியது போன்ற சிறு கீறல் அங்கொன்று இங்கொன்று. மற்றவை எல்லாம் எரிந்து மிஞ்சினபடியே இருந்தன.

பிராவ் லோமானைக் கீழே வரச் சொன்னேன். “எலியைக் கூகை தூக்கி வரலாம்,” என்றேன். “மெழுகுதிரியைக் கடித்தது இந்தக் கோயிலுக்குள் இருந்த எலி.”

அவர் அளவுகோலை வைத்துப் பல் தடங்களை அளந்தார். ஒரு மணி நேரம். பிறகு நிமிர்ந்து, “அப்படியும் செய்யலாம்,” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

அந்தப் பதினோராவது அடுக்கின் வருடத்தில் தீவுக்கு என்ன வந்தது என்று லெஃப்தெரிஸிடம் தொலைபேசியில் கேட்டேன். வறட்சி வருடம், ஆடுகளுக்குப் படகில் வைக்கோல் கொண்டுபோனார்கள் என்றார். வைக்கோலுக்குள் எலி ஒளிந்து போயிருக்கும், ஏற்றிப்போனது யார் என்று கேட்டேன். “நான்தான்,” என்றார். அடுத்த பருவத்தில் எலிப்பொறி ஏற்றிய ஒரு பயணத்துக்கும் அவர் எங்களிடம் கூலி வாங்கவில்லை.

அனுமதி கிடைத்தது. விண்ணப்பத்தில் என் பெயர் இரண்டாவதாக இருந்தது, உதவியாளர் பட்டியலில் இல்லை, எழுதியவர்கள் பட்டியலில். எலியை அகற்றுகிற வேலை மூன்று பருவம் எடுத்தது, அது வேறொருவர் எழுத வேண்டிய கதை. இப்போது தீவு முழுக்க மெழுகுக் கட்டிகள் வைத்திருக்கிறார்கள், பல் தடம் விழுகிறதா என்று பார்க்க. கடைசி இரண்டு தடவையும் ஒரு தடமும் இல்லை. போன வருடம், வெறுமையாகக் கிடந்த ஒரு பொந்துக்குள் கமெராவை விட்டுப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுப் பந்து, கோபமாக எங்களைப் பார்த்தது. பிராவ் லோமான் அதற்கு, “மன்னியுங்கள்,” என்று சொல்லிக் கமெராவை வெளியே எடுத்தார்.

ஒரு சிக்கல் மிஞ்சியது. குப்பைக்கு இவ்வளவு மதிப்பு என்று தெரிந்ததும் ஊர்ப் பெண்கள் கூட்டப் பயந்துவிட்டார்கள். இரண்டு வருடம் கோயில் அப்படியே கிடந்தது, பெருநாளுக்குப் புழுக்கைக்குள் நின்று பூசை கண்டார்கள். எனக்கு அது தாங்கவில்லை. நான் இருந்து ஒரு பக்கத்தில் விதிமுறை எழுதினேன்: எந்த மூலையில் தொடங்குவது, எந்தப் பைக்குள் போடுவது, சீட்டில் என்ன எழுதுவது, எந்த இடுக்கில் வைப்பது. அது மியூசியத்தின் கோப்பில் ‘கூட்டும் விதிமுறை’ என்று இருக்கிறது. ஜெர்மனியில் தும்புத்தடி பிடிப்பதற்கு எழுத்து மூலம் விதி செய்த முதல் மன்னார்க்காரி நானாகத்தான் இருப்பேன். இதையும் மெல்லிய குரலில் சொல்லவில்லை.

திட்டம் முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. மியூசியத்தில் நிரந்தர வேலை தரலாம் என்றார்கள், அதே ஆய்வுகூடத்தில், அதே நிலக்கீழ் அறையில். யோசித்துப் பார்த்து, வேண்டாம் என்றேன். பிரியாவிடையில் லெஃப்தெரிஸ் ஸ்டுட்கார்ட்டிலிருந்து எடுப்பித்த ஒரு மரப்பலகையைத் தந்தார்கள். இந்த வாரம் உங்கள் கேர்வொஹ என்று எழுதியது, படிக்கட்டுக் கதவில் மாட்டுகிற பலகை. பிராவ் லோமான் ஒரு பெட்டி பென்சில் தந்தார். பன்னிரண்டும் இரு முனையும் சீவியிருந்தன.

தொழில் பழகிவந்தவர்கள் அபிட்டூர் என்ற உயர்தரச் சோதனை இல்லாமலும் பல்கலைக்கழகம் போகலாம் என்று எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், போகலாம். என் மாணவர் அட்டை வந்துவிட்டது. அதோடு, அந்தக் கடலில் இருக்கிற வேறு ஆறு ஆளில்லாத் தீவுகளின் கோயில்களுக்குப் பின்னால் எங்கே குப்பை கிடக்கிறது என்று பார்க்க ஒரு சிறு விண்ணப்பமும் போட்டேன். இந்தத் தடவை முதல் பெயர் என்னுடையது.

படிவத்தில் உதவியாளர்களுக்கு இரண்டு வரி இருந்தது, பெயரும் துறை அனுபவமும் கேட்டு. முதல் வரியில் அம்மாவின் பெயரை எழுதினேன். அனுபவம்: தரை துப்புரவு, இருபத்தொரு வருடம். அம்மா இப்போதே ஒரு தும்புத்தடி வாங்கிப் பிடியைக் குறுக்கி வெட்டி, பயணப் பெட்டிக்குள் போகுமா என்று பார்த்துவிட்டார்.

இது பங்கில் பரவியதும் அன்ரன் அண்ணை வந்தார். அடுத்த வருடம் தனக்கு உண்மையான ஓய்வு என்றார், உன்னுடையது போல இல்லை என்றார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார், “பிள்ளை, அந்தப் படிவத்திலை இன்னொரு வரி கிடக்காம்?”

“கிடக்கு, அண்ணை. ஆனால் மியூசிய வேலை. எங்கட ஆக்களுக்கு அதிலை ஒண்டுதான் இருக்கு.”

“ஓம், ஓம்,” என்றார். “அது எனக்கு நல்லாச் செய்ய ஏலும்.”

எழுதிவிட்டேன். அண்ணை குனிந்து பார்த்து, பென்சிலாலே எழுதினனீ, அழிச்சுப்போடுவியோ என்று கேட்டார். மழையிலும் போகாது என்றேன். படிவம் போன திங்கட்கிழமை தபாலில் சேர்ந்தது.